தொடக்கநிலை எழுத்தாளரின் தன்வரலாறும் தூண்டுநரின் பொறுப்பும்

ஆய்வுச் சுருக்கம்

தம் வாழ்வைத் தாமே எழுதுமாறு புதியவர்களை ஊக்குவிப்பது கடந்த 30 ஆண்டுகளில் தமிழ் இலக்கியச் சூழலில் வலுப்பெற்ற ஒரு செயற்பாடாகும். இவ்வாறு உருவான நூல்களை ஆய்வுலகம் பெரும்பாலும் ‘வாழ்வின் ஆவணங்கள்’ என்ற அளவில் அணுகிவந்துள்ளது. எழுதத் தூண்டியவர் யார், அவர் எதைக் கேட்டார், எழுதப்பட்டதை எவ்வாறு கையாண்டார் என்பன திறனாய்வின் வட்டத்திற்குள் போதிய அளவில் வரவில்லை. தூண்டுநரின் கேள்வி பனுவலின் வடிவத்திலேயே தங்கிவிடுகிறது என்பதையும், ஆகவே தூண்டுதலின் தன்மையைக் கணக்கில் கொள்ளாத மதிப்பீடு குறையுடையது என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. பாமாவின் ‘கருக்கு’, பெருமாள்முருகன் தொகுத்த ‘சாதியும் நானும்’, ஆ. ரேவதியின் நூல்கள், வீரம்மாவின் வாய்மொழி வரலாறு ஆகியன முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: தன்வரலாறு, தொடக்கநிலை எழுத்தாளர், தூண்டுநர், வாய்மொழி, பேச்சு வழக்கு, படைப்பிலக்கியப் பயிற்சி.

1. முன்னுரை

தமிழில் தன்வரலாறு நெடுங்காலம் புகழ்பெற்றோரின் இலக்கிய வகையாகவே இருந்தது. அறிஞர், அரசியலாளர், துறவி, கலைஞர் எனச் சமூகம் ஏற்கெனவே அறிந்த ஒருவர் தம் வாழ்வின் பிற்பகுதியில் திரும்பிப் பார்த்து எழுதுவது என்பதே அதன் பொது இலக்கணம். உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ ஆனந்த விகடனில் 1940ஆம் ஆண்டு தொடராக வெளிவரத் தொடங்கியபோது அவர் 85 வயதை எட்டிக்கொண்டிருந்தார். 1942இல் அவர் மறைந்தபோது 122 அத்தியாயங்களோடு அது நின்றது; 1950இல் நூலாயிற்று. எழுத்திலும் பதிப்பிலும் அரை நூற்றாண்டுப் பயிற்சி பெற்ற ஒருவர் தம்மைப் பற்றி எழுத அமர்ந்ததன் விளைவு அது.

1990களுக்குப் பின் நிலைமை மாறியது. முன்பு ஒரு நூலும் எழுதியிராத ஒருவர், தம் முதல் எழுத்தாகவே தம் வாழ்வை எழுதும் போக்கு தோன்றியது. தலித் இலக்கியம், பெண்ணெழுத்து, திருநர் எழுத்து ஆகிய மூன்றும் இதற்குக் களம் அமைத்தன. எழுத்தனுபவம் பெற்ற பின் வாழ்வை எழுதுதல் என்ற வரிசை, வாழ்வை எழுதுவதன் வழியே எழுத்தாளராதல் என்று தலைகீழாயிற்று. இம்மாற்றத்தில் இதுவரை இல்லாத ஒரு பங்காளர் இன்றியமையாதவராகிறார். ‘உன் கதையை நீ எழுது’ என்று சொல்பவர் அவர். நண்பர், ஆசிரியர், பதிப்பாளர், ஆய்வாளர், இயக்கத் தோழர் என அவர் எவராகவும் இருக்கலாம். இக்கட்டுரை அவரைத் ‘தூண்டுநர்’ எனக் குறிக்கிறது.

2. கோட்பாட்டுப் பின்புலம்

தன்வரலாற்று ஆய்வில் பெரிதும் எடுத்தாளப்படும் கருத்தாக்கம் பிரெஞ்சுத் திறனாய்வாளர் பிலிப் லெஜூன் 1975இல் முன்வைத்த ‘தன்வரலாற்று ஒப்பந்தம்’ ஆகும். நூலாசிரியர், கதைசொல்லி, கதைமாந்தர் ஆகிய மூவரும் ஒருவரே என்று பனுவல் வாசகருக்கு அளிக்கும் உறுதியே தன்வரலாற்றைப் புனைகதையிலிருந்து பிரிக்கிறது என்பது அதன் சாரம். தமிழ் ஆய்வேடுகளில் இக்கருத்து பெரும்பாலும் இந்த அளவிலேயே நின்றுவிடுகிறது. ஆனால் லெஜூன் அங்கு நிற்கவில்லை. 1980இல் வெளியிட்ட நூலில், எழுதாதவர்களின் தன்வரலாற்றை அவர் தனியே ஆராய்ந்தார். ஒருவர் சொல்ல மற்றொருவர் எழுதும்போது ‘நான்’ என்ற சொல் யாருடையது என்ற கேள்வியை அவர் அங்கு எழுப்பினார். 1992இல், சாதாரண மக்கள் எழுதி வைத்த அச்சேறாத வாழ்க்கைக் குறிப்புகளைப் பெற்று, படித்து, பாதுகாக்கும் ஓர் அமைப்பைப் பிரான்சில் உருவாக்குவதில் அவர் முன்னின்றார்.

கோட்பாட்டாளர் ஒருவர் தொடக்கநிலை எழுத்தை நோக்கி நகர்ந்த இப்பாதை தமிழாய்வுக்குப் பொருத்தமானது. ஒப்பந்தம் எழுதுபவருக்கும் வாசகருக்கும் இடையில் மட்டும் நிகழ்வதில்லை. அச்சுக்கு முன்பே, எழுதுபவருக்கும் தூண்டுநருக்கும் இடையில் மற்றோர் ஒப்பந்தம் நிகழ்ந்துவிடுகிறது. பெரும்பாலும் அது எழுதப்படாதது. பனுவலின் மொழி, தொடக்கம், நிறுத்தம், மௌனம் ஆகியவற்றில் அதன் தடங்களைக் காணலாம். தமிழ்ச் சூழலில் இத்தூண்டுதல் கேட்டு எழுதுதல், அழைத்து எழுதச் செய்தல், உடனிருந்து காத்திருத்தல் என மூன்று வகைகளில் நிகழ்ந்துள்ளது.

3. கேட்டு எழுதுதல்

புதுச்சேரியை அடுத்த காரணி என்னும் சிற்றூரில் வாழ்ந்த வீரம்மா, எழுத்தறிவு பெறாத தலித் வேளாண் தொழிலாளி, பாடல் வல்லவர். ஜோசியான் ரசீன் பல ஆண்டுகள் அவரோடு உரையாடிப் பதிவுசெய்தவற்றின் அடிப்படையில், ஜோசியானும் ழான்-லுக் ரசீனும் உருவாக்கிய நூல் 1995இல் பிரெஞ்சிலும் 1997இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. வீரம்மாவின் பெயர் நூலாசிரியர்களுள் முதலாவதாக இடம்பெற்றது குறிப்பிடத்தக்கது. நகைச்சுவையும் பாடலும் சடங்கும் நோயும் கலந்த ஓர் உலகை இந்நூல் காட்டுகிறது.

எனினும் இம்முறையின் எல்லையும் இங்கேயே புலனாகிறது. தமிழில் சொல்லப்பட்ட ஒரு வாழ்வு முதலில் பிரெஞ்சில் அச்சேறியது. சொன்னவர் தம் நூலைப் படித்து, ‘இதை நான் இப்படிச் சொல்லவில்லை’ என்று திருத்தக்கூடிய நிலையில் இல்லை. கேள்விகள் நீக்கப்பட்டு விடைகள் மட்டும் தொடர்ச்சியான உரையாக அமைக்கப்படும்போது, வாழ்வின் வரிசை சொன்னவருடையதா, கேட்டவருடையதா என்பதை வாசகர் அறிய வழியில்லை. இது இந்நூலுக்கு மட்டும் உரிய குறையன்று. கேட்டு எழுதும் முறை முழுமைக்கும் உரிய சிக்கல்.

அண்டை மொழியான மலையாளத்தில் நிகழ்ந்த ஒன்று இச்சிக்கலின் மறுபக்கத்தைக் காட்டுகிறது. நளினி ஜமீலாவின் தன்வரலாறு 2005இல் மற்றொருவரின் எழுத்துதவியோடு வெளிவந்தது. அது பெரும் விற்பனை கண்ட பின்னும், அதில் தாம் சரியாக வெளிப்படவில்லை என்று கருதிய நளினி, நூலைத் திருத்தி அதே ஆண்டில் மறுவடிவமாக வெளியிட்டார். வாழ்வு ஒன்றே, சொன்னவரும் ஒருவரே. அவ்வாறிருந்தும் இரு நூல்கள் தேவைப்பட்டன. உதவியவரின் நல்லெண்ணத்தை ஐயுறாமலே, உதவி வடிவத்தை மாற்றிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. வீரம்மாவுக்கு வாய்க்காத திருத்தும் உரிமை நளினிக்கு வாய்த்தது என்பதே இரண்டிற்கும் உள்ள வேறுபாடு.

4. அழைத்து எழுதச் செய்தல்

பெருமாள்முருகன் தொகுத்து, காலச்சுவடு பதிப்பகம் 2013இல் வெளியிட்ட ‘சாதியும் நானும்’, தொடக்கநிலை எழுத்தாளரை அழைத்து எழுதச் செய்ததற்குத் தமிழில் முதன்மையான எடுத்துக்காட்டு. இதில் 32 பேர் சாதி குறித்த தம் சொந்த அனுபவங்களை எழுதியுள்ளனர். பெரும்பாலோர் மாணவர்களும் ஆய்வாளர்களும் ஆவர். அம்பை என்னும் சி.எஸ். லக்ஷ்மி மொழிபெயர்த்த இதன் ஆங்கில வடிவம் ‘பிளாக் காபி இன் எ கோகனட் ஷெல்’ என்ற தலைப்பில் 2017இல் வந்தது. கொட்டாங்கச்சியில் ஊற்றித் தரப்பட்ட வரக்காப்பி என்ற ஒரு பொருண்மையான காட்சியே மொழிபெயர்ப்பின் தலைப்பாயிற்று. தொகுப்பின் பலம் கருத்துரையில் இல்லை, இத்தகைய நுண்காட்சிகளிலேயே உள்ளது என்பதை அத்தலைப்பே உணர்த்துகிறது.

இத்தொகுப்பின் அழைப்பில் இரண்டு கூறுகள் கவனத்திற்குரியவை. முதலாவது, அது கூட்டு அழைப்பு. தனியொருவர் ‘என் சாதி இது, என் வீட்டில் இது நிகழ்ந்தது’ என்று எழுதும்போது எழும் அச்சம், பலர் ஒருசேர எழுதும்போது குறைகிறது. இரண்டாவது, அழைப்பு ஒடுக்கப்பட்டோரை மட்டும் நோக்கியதன்று. பல்வேறு சாதிகளில் பிறந்தோரும் எழுதியுள்ளனர். துன்புற்றவரே தன்கதை எழுத வேண்டும், மற்றவர் அதைப் படித்து இரங்க வேண்டும் என்ற பழகிய பங்கீட்டை இது குலைக்கிறது. தம் வீட்டுத் திண்ணையிலும் அடுக்களையிலும் தாமே கடைப்பிடித்த ஒதுக்கலை எழுதுவது, தமக்கு இழைக்கப்பட்டதை எழுதுவதைவிடக் கடினமானது. அக்கடினத்தைத் தொடக்கநிலை எழுத்தாளரிடம் கோரியது இத்தொகுப்பின் துணிவு.

ஆயினும் தலைப்பு தந்து அழைப்பதன் விலையையும் கணக்கிட வேண்டும். ஒரு பொருளைக் குறித்து எழுதுக என்ற அழைப்பு, வாழ்வின் பல இழைகளுள் ஒன்றை மட்டும் உருவச் செய்கிறது. இளமையில் ஓர் அவமதிப்பு, பின்னர் விழிப்பு, இறுதியில் ஒரு தீர்மானம் என்ற மூவடுக்கு அமைப்பு இத்தகைய அழைப்புகளுக்கு எளிதில் கிடைக்கும் அச்சாகும். பள்ளிக் கட்டுரைப் பயிற்சியில் ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஓர் அறமுடிவு எழுதிப் பழகிய கைகள், தம் வாழ்வையும் அவ்வச்சில் வார்க்கத் தலைப்படுவது இயல்பு. நிகழ்வு முடிவுறாமல், எழுதுபவருக்கே விளங்காமல் நிற்கும் இடங்களில்தான் தன்கதை பொய்ம்மையற்று ஒலிக்கிறது. அவ்விடங்களை முடித்துவைக்க விரையாமல் விட்டுவைப்பதே தொகுப்பாசிரியரின் உண்மையான பணி.

5. உடனிருந்து காத்திருத்தல்

பாமாவின் ‘கருக்கு’ (1992) இம்மூன்றாம் வகைக்குரியது. துறவு மடத்தை விட்டு வெளியேறி, வேலையும் பிடிமானமும் இன்றி இருந்த நிலையில், தம் இளமை நினைவுகளை எழுதுமாறு நண்பர் ஒருவர் தூண்டியதாகப் பாமா நேர்காணல்களில் குறிப்பிட்டுள்ளார். இங்குத் தூண்டுநர் கேள்விப் பட்டியல் தரவில்லை, தலைப்பும் தரவில்லை. எழுது என்றார், எழுதப்பட்டதைப் படிக்க ஒருவர் இருக்கிறார் என்ற உறுதியைத் தந்தார். நூலின் வடிவத்தில் இவ்விடுதலை தெரிகிறது.

கருக்கு காலவரிசையைப் பின்பற்றுவதில்லை. பிறப்பிலிருந்து தொடங்காமல், ஊரின் மலைகளிலிருந்தும் தெருக்களிலிருந்தும் தொடங்குகிறது. ஒரே காலப்பகுதிக்கு மீண்டும் மீண்டும் வேறு வேறு வாயில்கள் வழியே திரும்புகிறது. உழைப்பைப் பற்றிச் சொல்லும்போது ஒருமுறை, வழிபாட்டைப் பற்றிச் சொல்லும்போது மற்றொருமுறை என இளமை பலமுறை சொல்லப்படுகிறது. தேர்ந்த பதிப்பாசிரியர் ஒருவர் இதனைக் கூறியது கூறல் எனக் கொண்டு ஒழுங்குபடுத்தியிருக்கக்கூடும். அவ்வாறு செய்திருப்பின், மடத்திற்குச் சென்றதும் மீண்டதும் இளமையின் பொருளையே மாற்றிவிட்டன என்ற நூலின் மையம் அழிந்திருக்கும்.

நூலில் பெரிதும் பேசப்பட்ட காட்சி ஒன்று தொடக்கநிலை எழுத்துக்கான பாடமாகவே அமைகிறது. தம் தெருவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் தின்பண்டப் பொட்டலத்தைக் கையால் தொடாமல், கட்டிய கயிற்றைப் பிடித்துத் தூக்கி வந்து நிலக்கிழாரிடம் தருவதைச் சிறுமி பார்க்கிறாள். அவளுக்கு அது வேடிக்கை. வீட்டில் அண்ணனிடம் சொல்லிச் சிரிக்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. காரணம் சொல்லப்பட்டபின் சிரிப்பு மறைகிறது. எழுதும் பாமாவுக்குக் காரணம் முன்பே தெரியும். ஆனால் அவர் அதை முதல் வரியில் வைக்கவில்லை. சிறுமியின் அறியாமையைச் சிதைக்காமல், வாசகரையும் ஒரு கணம் சிரிக்க விட்டு, பின்னர் அச்சிரிப்பை வாசகரின் மீதே திருப்புகிறார். கண்டதை முதலில் எழுதி, அறிந்ததைப் பின்னர் எழுதுதல் என்ற இம்முறை எந்தப் பயிற்சி வகுப்பிலும் கற்றதன்று. தீண்டாமை குறித்து எழுதுக என்று தலைப்பு தரப்பட்டிருந்தால், அச்சொல்லே முதல் வரியாகி, சிரிப்புக்கு இடமிருந்திருக்காது.

மொழி குறித்தும் இதுவே உண்மை. கருக்கின் பேச்சு வழக்கு, வெளிவந்த காலத்தில் கடும் விமர்சனத்திற்கு உள்ளானது. நல்ல தமிழில் எழுதத் தெரியாமையின் விளைவாக அதைக் கண்டோரும் உண்டு. ஆனால் ‘சங்கதி’ (1994), ‘வன்மம்’ (2002) என அவர் தொடர்ந்து எழுதியபோது, அவ்வழக்கு இயலாமையன்று, தேர்வு என்பது உறுதிப்பட்டது. புதியவரின் தன்கதை ஒரு நூலோடு வற்றிவிடும் என்ற பொதுவான ஐயத்திற்கும் அந்நூல்களே விடை.

ஆ. ரேவதியின் எழுத்துப் பயணம் இவ்வகையின் மற்றொரு சாயல். 2004இல் வெளிவந்த ‘உணர்வும் உருவமும்’ நூலில் அவர் அரவானிகள் பலரின் வாழ்க்கைக் கதைகளைத் தொகுத்தார். அதன் பின்னரே தம் வாழ்வை எழுதினார். வ. கீதாவின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2010இலும், தமிழில் ‘வெள்ளை மொழி’ 2011இலும் நூலாக வந்தன. இங்குத் தூண்டுநரும் எழுதுபவரும் ஒருவரே. பிறரைக் கேட்ட ஒருவர், எந்தக் கேள்வி காயப்படுத்தும், எது திறக்கும் என்பதை அறிந்தபின் அக்கேள்விகளைத் தம்மிடமே கேட்டுக்கொள்கிறார். பிறர் கதையைக் கேட்பது தன் கதைக்கான பயிற்சியாகும் என்பது கல்விக்களத்திற்கு இதிலிருந்து கிடைக்கும் செய்தி.

6. வெளியீட்டிற்குப் பின்

தன்கதை எழுதத் தூண்டுவோர் பெரும்பாலும் எழுத்தின் நன்மைகளையே பேசுவர். சுமை இறங்கும், தன்மதிப்பு வளரும், குரல் கிடைக்கும் என்பன பொய்யல்ல. ஆனால் தன்கதை ஒருவருடையது மட்டுமன்று. அதில் தாயும் அண்டை வீட்டாரும் ஊரும் உள்ளனர். அவர்களிடம் எவரும் இசைவு கேட்பதில்லை. கருக்கு வெளிவந்தபோது, தங்கள் ஊரை இழிவுபடுத்திவிட்டதாக ஊரார் சினந்ததையும், சில காலம் தாம் ஊருக்குள் செல்ல இயலாதிருந்ததையும் பாமா பதிவுசெய்துள்ளார்.  பின்னர் அவ்வூரே நூலை ஏற்றுக்கொண்டது என்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் எல்லா ஊரும் அவ்வாறு ஏற்கும் என்று எந்தத் தூண்டுநரும் உறுதி கூற இயலாது.

எழுத்தில் தேர்ந்தவருக்கும் இவ்விடர் உண்டு. ‘மாதொருபாகன்’ புதினத்தை முன்னிட்டு எழுந்த எதிர்ப்பினால், ‘சாதியும் நானும்’ தொகுத்த பெருமாள்முருகனே 2015 ஜனவரியில் எழுத்தைக் கைவிடுவதாக அறிவிக்க நேர்ந்தது. 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. பல நூல்களும் வாசகர் வட்டமும் உடைய ஒருவருக்கே இந்நிலை எனின், முதல் கட்டுரையை எழுதும் மாணவரின் நிலையை விளக்க வேண்டியதில்லை. எனவே எழுதச் சொல்வதும் வெளியிடச் சொல்வதும் இருவேறு செயல்கள். முதலாவதற்கு ஊக்கம் போதும். இரண்டாவதற்குப் பொறுப்பு வேண்டும்.

7. வகுப்பறைக்கும் திறனாய்வுக்கும்

தமிழ்த் துறைகளில் படைப்பிலக்கியப் பயிற்சி பாடமாக உள்ள இக்காலத்தில், மேற்கண்டவை நேரடிப் பயனுடையன. முதலாவதாக, உணர்ச்சியைக் கேட்பதைவிடப் பொருளைக் கேட்பது பயன் தரும். ‘உன் வாழ்வின் பெருந்துயரம் எது’ என்ற கேள்வி ஆயத்தச் சொற்களையே வரவழைக்கும். ‘உங்கள் வீட்டில் தண்ணீர் எங்கிருந்து வந்தது, யார் சுமந்தார்’ என்ற கேள்வி, எழுதுபவர் எண்ணியிராத இடத்திற்கு அவரைக் கொண்டுசெல்லும். இரண்டாவதாக, பொருள் மயங்கும் இடத்தில் மட்டும் திருத்தம் போதும். வட்டார வழக்கைப் பொதுவழக்காக்குவது திருத்தமன்று. மூன்றாவதாக, எழுதியதைத் திரும்பப் பெறவும், பெயரை மறைக்கவும், பாதியில் நிறுத்தவும் மாணவருக்கு உரிமை உண்டு என்பதை முதல் நாளிலேயே அறிவிக்க வேண்டும். நான்காவதாக, மதிப்பெண் எழுத்துக்கே உரியது. மிகுதியாகத் துன்புற்றவருக்கு மிகுதியான மதிப்பெண் என்ற நிலை உருவானால், அவ்வகுப்பு துயரத்தைக் காட்சிப்படுத்தவே கற்பிக்கும்.

திறனாய்வாளருக்கும் இதில் பங்குண்டு. தொடக்கநிலை எழுத்தாளரின் நூலை ஆவணமாக மட்டும் காண்பது பணிவு போலத் தோன்றினும், உண்மையில் அது ஒரு மறுப்பு. அவருக்கு வாழ்வு உண்டு, வடிவம் இல்லை என்று சொல்லும் மறுப்பு அது. வாழ்வுக்காகப் பாராட்டி, மொழிக்காக மன்னிக்கும் மதிப்புரைகள் எழுதியவரைச் சமமானவராக நடத்துவதில்லை. நூல் எங்கே தொடங்குகிறது, எதை இருமுறை சொல்கிறது, எதைச் சொல்லாமல் கடக்கிறது என்ற கேள்விகள் ‘என் சரித்திர’த்திடம் கேட்கத் தக்கன எனின், ‘கருக்’கிடமும் ‘வெள்ளை மொழி’யிடமும் கேட்கத் தக்கனவே. இவற்றோடு, இதை எழுதச் சொன்னவர் யார், எவ்வாறு சொன்னார் என்ற கேள்வியும் சேர வேண்டும்.

8. முடிவுரை

கேட்டு எழுதுதலில் வாழ்வு காக்கப்படுகிறது. ஆனால் திருத்தும் உரிமை சொன்னவரின் கையை விட்டு நழுவக்கூடும். அழைத்து எழுதச் செய்தலில் துணை கிடைக்கிறது. ஆனால் தலைப்பு வடிவத்தைக் குறுக்கக்கூடும். உடனிருந்து காத்திருத்தலில் எழுதுபவர் தம் வடிவத்தைத் தாமே கண்டடைய வாய்ப்பு மிகுதி. ஆனால் அது காலத்தையும் பொறுமையையும் கோருகிறது. எழுத்தறியாதோருக்கு முதல் வகையும், அச்சத்தில் இருப்போருக்கு இரண்டாம் வகையும் இன்றியமையாதன என்பதால், இவற்றுள் ஒன்றை உயர்த்திப் பிறவற்றை விலக்குவது பொருந்தாது. மூன்றிற்கும் பொதுவான அளவுகோல் ஒன்றே: எழுதியவர் தம் நூலைத் திரும்பப் படித்து, ‘இல்லை, இது இப்படி நிகழவில்லை’ என்று சொல்லி மாற்றும் இடம் அவருக்கு இருந்ததா என்பது. அவ்விடத்தை இறுதிவரை திறந்து வைத்திருப்பதே தூண்டுநரின் பொறுப்பு.